ஏற்காட்டு ஏரி எரிமலையின் வாய் இல்லை

போன மே மாதம் அக்கா குடும்பத்தோடு ஏற்காடு போனோம். பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே வேன் ஓட்டி வந்தவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். "இந்த மலையே ஒரு காலத்துல எரிமலைங்க. மேல ஏரி இருக்குதுல்ல, அதுதான் வாய். அணைஞ்சு போயி தண்ணி நின்னுருச்சு."

அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். அவனுக்கு இது போதும். சேர்வராயன் கோயில் பக்கம் வேன் நின்றதும் குதித்து ஓடி ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். செங்கல் நிறம், உடம்பெல்லாம் ஓட்டை. "மாமா, லாவா!"

இல்லைடா என்றேன். எப்படிச் சொல்றீங்க என்று கேட்டான். நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் இல்லை என்று சொல்ல எரிமலை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லப் போனால் நாம் வைத்திருக்கிற சொற்களில் பாதி நம்மைத் தப்பான பக்கம் இழுக்கிறது. கீழே அஸ்தம்பட்டி வந்து சேரும்வரை பேசியும் முடியாததை இங்கே எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். எரிமலை. அதில் எரிவது எதுவும் இல்லை. எரிவது என்றால் விறகு மாதிரி ஒரு பொருள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தீப்பிடிக்க வேண்டும். எரிமலையில் சிவப்பாகத் தெரிவது தீ இல்லை, சூடு. எங்கள் பெரியப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். மூசையில் உருகிய வெள்ளி பளபளவென்று ஒளிரும், அதைப் பார்த்து வெள்ளி எரிகிறது என்று யாரும் சொன்னதில்லை. பாறையும் அப்படித்தான் உருகி ஒளிர்கிறது. சரி, மலையாவது கட்டாயமா? அதுவும் இல்லை. 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கியில் தரையில் சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு விட்டு, அந்த வரிசை முழுக்கப் பாறைக்குழம்பு பீறிட்டது. குழம்பைக் கக்கிய மலை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் அது எரிமலைதான். அதன் நச்சு வாயுவில் புல் கெட்டு, ஆடுமாடு செத்து, பின்னால் வந்த பஞ்சத்தில் அந்த நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவராவது இறந்துபோனார்கள்.

புகை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நீராவியும் பாறைத் தூளும். சாம்பல் என்று சொல்வது சாம்பலே இல்லை, அதைப் பிறகு பார்ப்போம்.

பெயரை நம்பி ஏமாறுவது சேலத்துக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. மாமாங்கத்திலிருந்து ஏற்காட்டு அடிவாரம் வரை வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிற இடத்துக்குச் சுண்ணாம்புக்கரடு என்று பெயர். வெள்ளைக்காரனும் சாக் ஹில்ஸ் என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். அங்கே சுண்ணாம்பும் இல்லை, சாக்கும் இல்லை, இருப்பது மேக்னசைட் என்ற தாது. அதற்கும் திரும்பி வருவேன், ஏனென்றால் ஏற்காட்டைவிட அந்தக் கரட்டுக்குத்தான் எரிமலையோடு கொஞ்சம் உறவு உண்டு.

அடுத்த தப்பு, பூமிக்கு உள்ளே முழுக்கப் பாறைக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, ஓட்டை கிடைத்த இடத்தில் பொங்கி வழிகிறது என்று நினைப்பது. பள்ளிக்கூடப் படத்தில் சிவப்பு வண்ணம் அடித்துவிடுகிறார்கள், அதனால் வந்த வினை. நாம் நிற்கிற மேலோட்டுக்குக் கீழே கவசம் என்று பாடப்புத்தகம் சொல்லும் மேன்டில் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை போகிறது, அது கிட்டத்தட்ட முழுக்கத் திடமான பாறை. சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல்தான், ஆனால் மேலே அழுத்துகிற பாரம் அதை உருக விடுவதில்லை. குக்கரில் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறதே, அதே கதைதான்.

அப்படியானால் எங்கே, எதனால் உருகுகிறது? பெரும்பாலும் சூடு கூடுவதால் இல்லை. இதைத்தான் பலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இரண்டு வழிகளைச் சொன்னால் உலகத்து எரிமலைகளில் பெரும்பாலானவை அதில் அடங்கிவிடும். ஒன்று, பாரம் குறைவது. திடமான அந்தப் பாறை வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் என்று நகம் வளர்கிற வேகத்தில் மேலே ஏறி வருகிறது. ஏற ஏற மேலிருக்கும் பாரம் குறைகிறது, அதே சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உருகத் தொடங்குகிறது. பூமியின் மேல்பகுதி பெரிய பெரிய துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது, அவைதான் புவித்தட்டுகள். கடல் நடுவில் அவை இரண்டு பக்கமும் விலகிப் போகிற இடத்தில் நடப்பது இதுதான். ஹவாய் மாதிரி தட்டின் நடுவில் இருப்பவற்றுக்கு ஆழத்திலிருந்து சூடான பாறை தூண் மாதிரி எழும்பி வருவதே காரணம் என்று சொல்கிறார்கள், அங்கேயும் கடைசியில் உருக்குவது பாரம் குறைவதுதான்.

இன்னொன்று தண்ணீர். பாறையை உருக்குவது தண்ணீரா என்று சிரிக்க வேண்டாம், இதற்குப் பட்டறையிலேயே சான்று இருக்கிறது. வெள்ளி உருகுவது 962 டிகிரியில், செம்பு 1,085இல். ஆனால் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு வெள்ளி, மீதி செம்பு என்று கலந்தால் 780 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். இரண்டில் எதன் சூடும் தேவையில்லை. கொலுசில் சலங்கை பற்றவைக்கும்போது கொலுசு உருகாமல் பற்றாசு மட்டும் உருகுவது இந்தச் சூட்சுமத்தால்தான். வேறொரு பொருள் உள்ளே புகுந்தால் உருகும் சூடு இறங்கிவிடுகிறது. கடல் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு இறங்கும்போது ஊறிய தண்ணீரையும் கொண்டு போகிறது, சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அந்த ஈரம் பிழிந்து வெளியேறி மேலிருக்கும் சூடான பாறைக்குள் ஏறுகிறது, அதுவரை திடமாக இருந்த பாறை உருகிவிடுகிறது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பான், சிலி என்று பசிபிக்கைச் சுற்றி எரிமலைகள் மாலை கட்டினாற்போல வரிசையாக நிற்பது இதனால்தான். வரைபடத்தில் அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே கடலில் ஆழமான அகழி ஒன்று ஓடும், தட்டு இறங்குகிற வாசல் அது.

நமக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வரிசை அந்தமான் கடலில் போகிறது. இந்தியாவில் இன்றைக்கும் குமுறுகிற ஒரே எரிமலையான பாரன் தீவு அங்கேதான், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 138 கிலோமீட்டரில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே கோடு போட்டால் 1,700 கிலோமீட்டர் தள்ளி வரும். ஆள் குடியில்லாத சின்னத் தீவு, உச்சி 354 மீட்டர், அதாவது ஏற்காட்டில் நான்கில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை. ஆனால் கடலுக்கு மேலே தெரிவது நுனி மட்டும்தான். நம் சேலமோ தட்டின் நடுவில், விளிம்பிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. இறங்குகிற தட்டும் இல்லை, விலகுகிற தட்டும் இல்லை. உருகக் காரணமே இல்லாத இடத்தில் எரிமலை எங்கிருந்து வரும்?

உருகியது ஏன் மேலே வருகிறது என்றால், சுற்றியுள்ள பாறையைவிட லேசு, அவ்வளவுதான். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தரைக்குக் கீழே இருக்கும்வரை அது மாக்மா, வெளியே வந்துவிட்டால் லாவா. தமிழில் இரண்டையும் பாறைக்குழம்பு, எரிமலைக்குழம்பு என்று கலந்துகட்டி எழுதிவிடுகிறோம், செய்தித்தாளிலும் அப்படித்தான். இடம் மாறுவதால் மட்டும் பெயர் மாறவில்லை, சரக்கே வேறு. மாக்மாவுக்குள் வாயு கரைந்திருக்கும், லாவா அந்த வாயுவில் பெரும்பங்கை விட்டுவிட்டது. ஆனால் குழம்பு என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. மாக்மா உண்மையிலேயே குழம்புதான், உருகிய சாறு, அதில் மிதக்கிற படிகங்கள் காய் மாதிரி, மேலே ஆவி. மூன்றும் சேர்ந்ததுதான் அது.

மாக்மா அறை என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். எரிமலைக்கு அடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பெரிய தொட்டி, அது நிறைய செக்கச்செவேலென்ற திரவம் என்று மனசில் படம் வரும். நில அதிர்வு அலைகளை வைத்துப் பார்த்தால் அப்படித் திரவமாக நிறைந்த தொட்டி அநேகமாக எங்கும் தென்படுவதில்லை. ஆறிப்போன ஜவ்வரிசிப் பாயசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் மணிமணியாக இறுகிக் கிடக்கும், இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் பால். பெரும்பாலான காலம் எரிமலையின் அடிவயிறு அப்படித்தான் இருக்கும். கீழிருந்து புதுசாகச் சூடான மாக்மா வந்து புகுந்தால் பாயசம் இளகும், அப்போதுதான் மேலே சேதி தெரியவரும். சின்னச் சின்ன நில அதிர்வு, தரை சில சென்டிமீட்டர் உப்புவது, வாயு கசிவு கூடுவது. எரிமலை ஆய்வு நிலையங்கள் இரவும் பகலும் உட்கார்ந்து பார்ப்பது இந்த மூன்றைத்தான்.

இனி வெடிப்புக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சில எரிமலைகள் ஹவாயில் இருப்பது மாதிரி பதவிசாக வழிந்து ஓடுகின்றன, சுற்றுலாப் பயணிகள் தள்ளி நின்று படம் எடுக்கிறார்கள். சில, மலையின் தலையையே தூக்கி எறிகின்றன. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இரண்டு, வாயுவும் பாகுத்தன்மையும். பாகுத்தன்மை என்று சொல் செய்தவருக்குக் கும்பிடு போட வேண்டும், எரிமலை அகராதியில் நம்மை ஏமாற்றாத சொல் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா அதிரசத்துக்குப் பாகு வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். செவ்வாய்பேட்டை மண்டியில் வாங்கிய வெல்லம், உருளியில் தண்ணீரோடு போட்டதும் முதலில் தண்ணியாகக் கொதிக்கும். குமிழ்கள் சலசலவென்று வந்து சத்தமில்லாமல் உடைந்துவிடும், பக்கத்தில் நின்றால் ஒன்றும் ஆகாது. நேரம் ஆக ஆகப் பாகு இறுகும். அம்மா கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருட்டுப் பதம் வருகிற சமயத்தில் கொதியின் குணமே மாறியிருக்கும். குமிழ் எழும்பும், ஆனால் உடையாது, ஊதி ஊதிப் பெரிதாகி "பொளக்" என்று வெடிக்கும், வெடிக்கும்போது சுற்றிலும் தெறிக்கும். "தள்ளி நில்லு, மூஞ்சில அடிச்சிரும்" என்பது வருடா வருடம் கேட்கிற வசனம். அடுப்பில் அதே தீ, உருளியில் அதே வெல்லம். பாகு கெட்டியானதும் ஆவி சுலபமாக வெளியே போக முடியவில்லை, அதனால் சண்டை போட்டு வெளியேறுகிறது.

மாக்மாவைக் கெட்டியாக்குவது சிலிக்கா, மணலில் இருக்கிற அதே சரக்கு. ஹவாயில் வருவது பசால்ட், சிலிக்கா பாதியளவுதான், 1,100 முதல் 1,200 டிகிரி சூட்டில் இளம்பாகு மாதிரி ஓடும். ரையோலைட் என்ற வகையில் எழுபது சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா, சூடும் குறைவு, அது ஓடாது, நகர்வதே பெரிது. ஹவாய்க்காரர்கள் தங்கள் லாவாவுக்கு வைத்த இரண்டு பெயர்களை உலகமே எடுத்துக்கொண்டது. வழவழவென்று கயிறு திரித்தாற்போல மடிப்பு விழுந்து உறைவது பாஹோயிஹோயி, கரடுமுரடாக நொறுங்கி, வெறுங்காலில் நடந்தால் கிழித்துவிடுகிற மாதிரி உறைவது ஆஆ. இரண்டாவது பெயர் நடந்தவன் போட்ட சத்தம் என்று நினைக்கத் தோன்றும், நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கரடான லாவாவுக்கு அங்கே வழங்குகிற சாதாரணச் சொல்தான் அது.

வாயுவுக்குக் கோலி சோடாவை விட்டால் வேறு உதாரணம் கிடையாது. மூடிய பாட்டிலைக் கையில் வைத்துப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான், ஒரு குமிழ்கூட இருக்காது. வாயு இல்லாமல் இல்லை, அழுத்தத்தில் கரைந்து கிடக்கிறது. கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் விடுபடுகிறது, ஒரே நொடியில் எல்லாம் நுரை. மாக்மா மேலே ஏறும்போதும் அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் கந்தக டை ஆக்ஸைடும் குமிழ்விடுகின்றன. பாகு இளசாக இருந்தால் குமிழ் ஓடிப்போய்விடும். கெட்டியாக இருந்தால் மாட்டிக்கொள்ளும், மாக்மா முழுக்க நுரையாகிப் பல மடங்கு பெருத்து, கடைசியில் அந்த நுரையே சுக்குநூறாகச் சிதறும்.

1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையில் நடந்தது இதற்கு அச்சு அசலான சாட்சி. மார்ச் மாதம் மாக்மா உள்ளே ஏறி மலையின் வடக்குப் பக்கம் வீங்கத் தொடங்கியது, நாளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் வெளியே துருத்திக்கொண்டு வந்தது. மே 18 காலை 8.32க்கு ஒரு நிலநடுக்கம், வீங்கிய பக்கம் அப்படியே சரிந்து கீழே போனது. சரிந்தது மண் மட்டுமல்ல, மூடியும்தான். கோலி உள்ளே போய்விட்டது. மேல்நோக்கி வெடிக்கும் என்று எதிர்பார்த்திருந்த மலை பக்கவாட்டில் வெடித்தது, 57 பேர் இறந்தார்கள், மலையின் உயரம் நானூறு மீட்டர் குறைந்தது.

சிதறிய அந்த நுரைதான் எரிமலைச் சாம்பல். விபூதி மாதிரி மெத்தென்று இருக்கும் என்று நினைத்தால் தப்பு. உறைந்த நுரைக் குமிழ்களின் உடைந்த சுவர்கள் அவை, பார்க்கத் தூளாக இருந்தாலும் கண்ணாடிச் சில்லுகள். இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சாம்பல் என்பார்கள். அதற்கு மேல், ஜவ்வரிசி அளவிலிருந்து நல்ல எலுமிச்சம்பழம் அளவுவரை லாப்பிலி. 64 மில்லிமீட்டரைத் தாண்டினால் எரிமலைக் குண்டு. சாம்பல் தண்ணீரில் கரையாது, நனைந்தால் கனக்கும். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது அதே நாளில் புயல் மழையும் சேர்ந்துகொண்டது, அன்று செத்தவர்களில் பெரும்பாலானோர் ஈரச் சாம்பலின் பாரம் தாங்காமல் இடிந்த கூரைகளுக்கு அடியில் மாட்டியவர்கள்.

இன்னும் ஒன்று. 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் தெரியாமல் புகுந்துவிட்டது. சாம்பலில் ஈரம் இல்லாததால் ரேடாரில் தெரியவில்லை. கண்ணாடித் தூள் எஞ்சினுக்குள் போய் உருகி ஒட்டிக்கொள்ள, நான்கு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 37,000 அடி உயரத்திலிருந்து சத்தமே இல்லாமல் சறுக்கி இறங்கி, சாம்பலைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் எஞ்சின்கள் மறுபடி பிடித்தன. முன்கண்ணாடி உப்புத்தாள் தேய்த்தாற்போல மங்கிப்போயிருந்தது, அப்படியே ஜகார்த்தாவில் இறக்கினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். 2010இல் ஐஸ்லாந்து எரிமலை ஒன்றுக்காக ஐரோப்பா முழுக்க விமானங்களை நிறுத்தியபோது இது அதிகப்படி என்று எரிச்சல்பட்டவர்கள் இந்தக் கதையை ஒருதரம் படித்திருக்கலாம்.

படத்தில் காட்டுகிற மாதிரி லாவா ஓடி வந்து ஆளைப் பிடிப்பது அபூர்வம். பெரும்பாலும் நடந்தே தப்பிவிடலாம், வீடும் வாழைத்தோட்டமும்தான் போகும். கொல்வது வேறு இரண்டு. வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்து சரிவில் புரண்டு, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வேகத்தில், நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் வருகிற கனல்மேகம் ஒன்று. மார்டினிக் தீவில் செயின்ட் பியர் என்ற ஊரை 1902 மே 8 காலையில் சில நிமிடங்களில் முடித்தது அதுதான், சுமார் 28,000 பேர். இன்னொன்று லஹார், ஜாவா மொழிச் சொல், எரிமலைச் சாம்பல் தண்ணீரோடு கலந்து ஓடும் சேறு. 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸில் வெடிப்பு என்னவோ சின்னதுதான், ஆனால் உச்சியிலிருந்த பனி உருகிச் சேறாக ஆற்றுவழி இறங்கி, எழுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அர்மேரோ ஊரை இரண்டரை மணி நேரம் கழித்து மூடியது. ஆபத்து வரைபடம் முன்பே போட்டு வைத்திருந்தார்கள். இரண்டரை மணி நேரம் இருந்தும் ஊரைக் காலி செய்யாமல் சுமார் 23,000 பேர் போனார்கள் என்பதை எத்தனை தடவை படித்தாலும் மனசு ஆறுவதில்லை.

உறங்கும் எரிமலை, அணைந்த எரிமலை என்ற சொற்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பாரன் தீவு 1832க்குப் பிறகு 1991 வரை சும்மா கிடந்தது. பினாட்டுபோ ஏறக்குறைய ஐந்நூறு வருடம் சும்மா கிடந்து, காடு மண்டி, சரிவில் மக்கள் குடியிருந்தார்கள். நம் ஆயுசுக் கணக்குக்கும் அதன் கணக்குக்கும் பொருத்தமே இல்லை. மாக்மா வந்துசேரும் வழியே அற்றுப்போனால்தான் அணைந்தது என்று சொல்லலாம்.

சரி, ஏரிக்கு வருவோம். எரிமலை உச்சியில் வெடித்துத் திறந்த குழி வாய். அதைவிடப் பெரிதாக, அடியிலிருந்த மாக்மா வெளியேறிய பின் மேல்தரை உள்வாங்கிச் சரிந்து உண்டாகும் பெரும்பள்ளம் கால்டெரா. சுமத்ராவின் டோபா ஏரி அப்படிப்பட்டது, நூறு கிலோமீட்டர் நீளம். 74,000 வருடத்துக்கு முன் அது வெடித்தபோது பறந்த சாம்பல் ஆந்திராவில் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் இன்றைக்கும் வெள்ளை அடுக்காக மண்ணுக்குள் கிடக்கிறது. ஆனால் தண்ணீர் நிற்கிற பள்ளமெல்லாம் வாய் ஆகிவிடாது. மகாராஷ்டிராவின் லோனார் ஏரி கச்சிதமான வட்டம், சுற்றிலும் அசல் எரிமலைப் பாறை, அதனால் ரொம்ப காலம் எரிமலை வாய் என்றே பலர் நம்பினார்கள். கடைசியில் பார்த்தால் வானத்திலிருந்து விழுந்த விண்கல் தோண்டிய குழி. ஏற்காட்டில் பாறையும் எரிமலைப் பாறை இல்லை, வட்டமும் இல்லை, மழைத் தண்ணீர் தாழ்வான இடத்தில் தேங்கியது, அவ்வளவுதான். அந்தப் பெயரையே ஏரி, காடு என்று பிரித்துவிடலாம்.

தக்காணத்தில் எரிமலை வெடித்ததாகப் படித்திருக்கிறோமே, அந்தக் குழம்பு இங்கே வரவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 6.6 கோடி வருடத்துக்கு முன் மகாராஷ்டிராவையும் சுற்றுவட்டாரத்தையும் மூடிய அந்த பசால்ட் இன்றைக்கும் சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது. தெற்கே வடகர்நாடகத்தோடு நின்றுவிட்டது. நம் ஊர்ப் பாறை அதைவிட முப்பது, நாற்பது மடங்கு பழசு.

சேர்வராயன் மலையின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கமிருந்து கொண்டுபோன கல் இந்த வகை, அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். சுமார் 250 கோடி வருடத்துக்கு முன், தரைக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழே, மேலோட்டின் அடியில், எழுநூறு எண்ணூறு டிகிரி சூட்டில் வெந்து உருமாறிய பாறை அது. எரிமலை என்பது அடியிலிருந்து கொட்டிக் கொட்டிக் குவிந்து உயர்வது. சேர்வராயன் நேர்மாறு, நிலம் மேலே தூக்கப்பட்டு, தலைமேல் இருந்த இருபது கிலோமீட்டரும் அரித்துப்போய் மிஞ்சியது. அந்த இருபது கிலோமீட்டருக்கு மேலே அந்தக் காலத்தில் எரிமலைகள் இருந்திருந்தாலும் அவை எப்போதோ மணலாகிக் கடலுக்குப் போய்விட்டன. நாம் பதினெட்டாவது வளைவில் நின்று பார்ப்பது மாடி இல்லை, வீட்டின் அஸ்திவாரம்.

சுண்ணாம்புக்கரட்டைச் சொன்னேனே. அங்கே இருந்தது டியூனைட், பெரிடோடைட் என்கிற மிக ஆழத்துச் சரக்கு, மாக்மாவாக ஏறிவந்து வெளியே எட்டிப்பார்க்காமல் தரைக்கடியிலேயே உறைந்துவிட்டது. பிற்காலத்தில் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த தண்ணீர் அதன் விரிசல்களில் புகுந்து, மேக்னீசியத்தைக் கரைத்து, வெள்ளை நரம்புகளாகப் படியவைத்தது. நாம் வெள்ளைக்கல் என்கிறோமே, அது. சுட்டால் கிடைக்கிற மேக்னீசியா 2,800 டிகிரிவரை உருகாது, அதனால்தான் எஃகு உலைக்கு உள்பூச்சுச் செங்கல் அதில் செய்கிறார்கள். லாவா அளவு சூடெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை.

இன்னும் வினோதமான உறவு ஒன்று ஜோலார்பேட்டை ரயில் பாதையில் இருக்கிறது. சாமல்பட்டி ஸ்டேஷனைத் தூங்கிக்கொண்டே கடந்திருப்பீர்கள். அந்தப் பக்கம் கிடைப்பது கார்பனடைட், சிலிக்காவுக்குப் பதில் கார்பனேட்டால் ஆன மாக்மா உறைந்த பாறை. இன்று உலகத்தில் அப்படிப்பட்ட லாவாவைக் கக்குகிற எரிமலை ஒன்றே ஒன்று, தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய். ஐந்நூற்றுச் சொச்சம் டிகிரிதான் சூடு, கறுப்பாகத் தண்ணீர் மாதிரி ஓடி, ஆறினதும் வெளுத்துவிடும். நம் பக்கம் இருப்பது அந்தச் சரக்கு தரைக்கடியில் உறைந்த அடித்தண்டு மட்டும்.

அக்கா மகன் பொறுக்கிய கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லை வெயிலில் வைத்துப் பார்த்தோம். எரிமலைக் கல்லில் ஓட்டை என்றால் வாயுக் குமிழ் இருந்த இடம், உருண்டையாக, உள்சுவர் வழவழப்பாக இருக்கும். இதில் ஓட்டைகள் கோணலும் மாணலுமாக, புழு குடைந்தாற்போல, உள்ளே செம்மண் அடைத்துக்கொண்டு இருந்தன. நகத்தால் சுரண்டினால் சிவப்புத் தூள் விரலில் ஒட்டியது. லட்சக்கணக்கான வருட மழை சார்னோக்கைட்டில் கரையக்கூடியதை எல்லாம் கரைத்துக் கொண்டுபோய், இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் விட்டுவைத்த செம்புரைக்கல் அது. மலையுச்சியில் பாக்ஸைட் வெட்டி மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது இந்த அடுக்கிலிருந்துதான்.

அவன் முகம் விழுந்துவிட்டது. அக்கா குளியலறையிலிருந்து குதிகால் தேய்க்கிற சாம்பல் நிறக் கல்லை எடுத்து வந்து பக்கெட்டில் போட்டாள், மிதந்தது. கிட்டத்தில் பார்த்தால் ஊசிமுனை ஊசிமுனையாகக் குமிழ்கள், நுரை அப்படியே உறைந்தது. செயற்கையாகச் செய்த கல்லும் மிதக்கும், ஆனால் இதில் குமிழ்கள் ஒரே பக்கமாக இழுபட்டு நார் நாராக நீண்டிருந்தன, நுரைத்த மாக்மா இழுபட்டு உறையும்போது விழுகிற கோலம் அது. ஏதோ ஒரு நாட்டு எரிமலையில் கோலியைத் தள்ளிவிட்ட நேரத்தில் உண்டான நுரைக்கல், கடைவீதியில் முப்பது ரூபாய்க்கு வந்து நிற்கிறது. அதை வாங்கிக்கொண்டு, செம்புரைக்கல்லை அம்மிக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, அம்மியைத் தட்டிப் பார்த்தான். "அப்ப இது எங்கிருந்து மாமா வந்துச்சு?" கறுப்பாக, கொஞ்சம் பச்சை ஓடி, வெயிலில் எண்ணெய் தேய்த்தாற்போல மின்னியது. இருபது கிலோமீட்டர் கீழே இருந்து என்றேன்.